உப்பில்லாத வீட்டு மீன்

கண்டியில் ஒரு அலங்கார மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. இத்தனை காலத்தில் எத்தனையோ மீன்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். செத்தவையும் உண்டு, பிழைத்தவையும் உண்டு. எதுவும் மனதில் நிற்பதில்லை. ஒன்று மட்டும் நிற்கிறது. அந்த மீன் பிழைத்தது. இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. இதை எழுத மேசையில் உட்கார்ந்தால், கண்ணாடிக்கு அருகில் வந்து, செட்டையை மெதுவாக அசைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். மருந்துப் போத்தலில் இருக்கும் ஆங்கிலம் தெரியாது. நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறத்தை வைத்துத்தான் எனக்கு அடையாளம். ஆட்களோடு பேசுவது சின்ன வயதிலிருந்தே கஷ்டம். யாராவது ஏதாவது கேட்டால் வாயில் வார்த்தை வருவதற்குள் முகம் சூடாகிவிடும். அதனால் முதலாளி என்னைக் கடையின் முன்பக்கம் நிறுத்துவதில்லை. பின்னால் இருக்கும் தொட்டிகளைக் கவனிப்பதும், வீடுகளுக்குப் போய்த் தொட்டி கழுவிக் கொடுப்பதும்தான் என் வேலை. முதலாளி கண்டியிலேயே தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். "இவன் பேசுறது இவன்ட மீனுக்கு மட்டும்தான் வெளங்கும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பேசாதவனுக்குப் பார்க்க நிறைய நேரம் இருக்கிறது. மீனுக்கு நோய் வந்தால் முதலில் உடம்பில் ஒன்றும் தெரியாது. சாப்பாட்டைக் கண்டதும் ஓடி வருவது, ஒரு நாள் கொஞ்சம் பிந்தி வரும். குளிரில் நாம் கையைக் கட்டிக்கொள்வது போல, செட்டைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். கல்லிலும் பைப்பிலும் உடம்பைத் தேய்க்கும். அதற்குப் பிறகுதான் அடையாளங்கள். வால் ஓரம் வெளுத்து, நார் நாராகக் கிழிந்தால் செட்டை அழுகல். அதற்கு மருந்தைவிட நல்ல தண்ணீர்தான் முதலில் வேண்டும். காயத்தில் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் பூஞ்சணம், அதற்கு நீல மருந்து. மேலே இருந்து பார்க்கும்போது வயிறு ஊதி, செதில்கள் எல்லாம் எழும்பி நின்றால், உள்ளே சிறுநீரகம் கெட்டு உடம்பில் தண்ணீர் கட்டுகிறது என்று அர்த்தம். அந்த மீனைக் காப்பாற்றுவது அபூர்வம். உடம்பு முழுவதும் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தால், அது தொட்டிக்குத் தொட்டி தொற்றும் நோய். ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் சாக விட வேண்டியதில்லை.

வெள்ளைப் புள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மீனின் தோலில் இருக்கும்போது அதை எந்த மருந்தும் தொடாது. அது முற்றிக் கீழே விழுந்து, கற்களுக்கு இடையில் பலவாகப் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும். அப்போதுதான் அதைக் கொல்ல முடியும். அந்த நேரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைச் சூடாக்கினால் அது சீக்கிரம் முற்றி விழும். உப்பு அதைக் கொல்லும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாட்கள் வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. மீன் சுகமாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கும் நாட்களில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அந்த மீன் இருந்த வீடு கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் இருந்தது. முன்னால் இரும்புக் கடை, பின்னால் வீடு. கணவன் மனைவி இரண்டு பேர். பிள்ளைகள் இல்லை. அவர்களுடைய அப்பாமார் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து கடை போட்டவர்கள். நான் அவர்களை அக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவர்கள் வளர்த்தது ஒற்றை மீன். பிளவர்ஹோர்ன் என்று சொல்லும் வகை. தலையில் பெரிய மேடு, சிவந்த உடம்பு, பக்கத்தில் கறுப்பு எழுத்துப் போலப் புள்ளிகள். வீட்டுக்கு நல்லது என்று யாரோ சொல்லி அக்கா வாங்கியது. அது வந்த வருடம் கடை நன்றாக நடந்தது. அடுத்த வருடம் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. கிழமைக்கு மூன்று நாள் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. கடையை வேறு ஒருவருக்கு நடத்தக் கொடுத்துவிட்டு, அண்ணன் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உப்பு கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே அக்கா உப்புப் போத்தலை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டார். அக்காவும் உப்பில்லாமலே சாப்பிட்டார். அண்ணனின் வாயைப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் ருசியாகச் சாப்பிட முடியாது என்று சொல்வார். ஒருமுறை எனக்கும் சோறு போட்டார். பூசணிக்காய்க் கறி. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தண்ணீரும் அளந்துதான். ஒரு போத்தலில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். "எனக்கு நாளைக்கு இம்புட்டு. அவருக்கு நூத்தம்பது லீட்டர்" என்று அண்ணன் மீனைக் காட்டிச் சொல்வார்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடையில் முதலாளியின் சட்டம் ஒன்றுண்டு. ஒரு தொட்டியில் போட்ட வலையையும் பைப்பையும் காயவைக்காமல் அடுத்த தொட்டியில் போடக் கூடாது. "ஒரு தொட்டிட நோவ மத்தத்துக்குக் கொண்டு போறது மீனில்ல, நீ தான்" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த மாதம் விடாமல் மழை. எதுவும் காயவில்லை. ஒரு நாள் காலையில் கடைக்குப் புதிதாக வந்த மீன்களில் வெள்ளைப் புள்ளியைக் கண்டு, அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றினேன். கையைக் கழுவினேன். வலையையும் பைப்பையும் வாளிக்குள் போட்டு, குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிப் பிலிமத்தலாவைக்குப் போனேன். பஸ்ஸில் வாளி என் கால்களுக்கு இடையில் இருந்தது. வலை நனைந்திருந்தது எனக்குத் தெரியும். அங்கே போய் இறங்கியதும் அதே வலையால் தொட்டியில் மிதந்த சாப்பாட்டுத் தூளை அள்ளினேன். அள்ளும்போதே ஞாபகம் வந்தது. இத்தனை நேரத்தில் ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிழமைக்குள் அக்கா கடைக்குப் போன் பண்ணினார். மீனுக்கு மூச்சு முட்டுகிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார்.

நான் போனபோது மீன் பில்டர் தண்ணீர் விழும் இடத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. செட்டை, தலை மேடு, எல்லா இடத்திலும் வெள்ளைப் புள்ளி. எங்கிருந்து வந்தது என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒற்றை மீன், வெளியிலிருந்து வேறு மீனோ செடியோ அந்தத் தொட்டிக்குள் போனதில்லை. போனது என் வலை மட்டும்தான்.

மருந்துப் பையைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடிப்பது போல வந்து நின்றார்.

"மருந்து ஒண்ணும் போட வேணாம் தம்பி. ஒங்கள கூப்பிட்டது அது இன்னும் எத்தன நாளைக்கு இருக்கும்னு கேக்கத்தான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"போன கிழம இவருக்கு மூச்சு முட்டிக்கிட்டே இருந்திச்சு. படுக்க முடியல, சாஞ்சிக்கிட்டேதான் தூங்குனாரு. இப்ப மூணு நாளா நல்லா படுத்துத் தூங்குறாரு. மூச்சு முட்டுறது அதுக்கு. நீங்களே பாருங்க. அவருக்கு வந்தத அது வாங்கிக்கிச்சு. வாங்கிக்கிட்டுப் போகட்டும்."

பெரிய மீன் வளர்க்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். மீன் செத்தால், வீட்டுக்கு வர இருந்த ஒன்றை அது எடுத்துக்கொண்டு போனது என்று சொல்லி, ஒரு விதத்தில் நிம்மதியாக அடுத்த மீனை வாங்குவார்கள். ஆனால் மீன் உயிரோடு இருக்கும்போதே அதன் சாவுக்காகக் காத்திருந்த வீட்டை அன்றுதான் பார்த்தேன். அக்காவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது. அது என் நனைந்த வலையால் வந்த வெளிச்சம்.

அதைச் சொல்லியிருக்கலாம். அக்கா, இது அண்ணனுடைய நோய் இல்லை, நான் கொண்டு வந்த நோய் என்று ஒரு வரி. சொன்னால் என் வேலைக்கு அவமானம் என்பது ஒரு பயம். சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்பது இன்னொரு பயம். இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "சரிக்கா" என்றேன்.

அவர் பிளேன்டீ போட உள்ளே போனார். கதிரையில் இருந்த அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அதுக்கு என்னா நோவு?" என்றார்.

"வெள்ளப் புள்ளிங்கண்ணே."

"செத்துருமா?"

"வைத்தியம் பாத்தா பொழச்சிரும்."

"என்னா மருந்து?"

"உப்புங்க. கல்லுப்பு. அப்புறம் தண்ணிய கொஞ்சம் சூடாக்கணும்."

அவர் சத்தம் வராமல் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "எனக்கு வெசம். அவருக்கு மருந்தா" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"போட்டு வுடுங்க தம்பி. எனக்காக ஒரு உசுரு சாகுறத நான் ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்க முடியாது. அவகிட்ட மட்டும் வாயத் தொறந்துறாதீங்க." என் முகத்தைப் பார்த்தார். "நீங்க எங்க தொறக்கப் போறீங்க."

உப்பும் சூடும் தண்ணீரின் நிறத்தை மாற்றாது. நீல மருந்தோ பச்சை மருந்தோ போட்டிருந்தால் அக்காவுக்குத் தெரிந்திருக்கும். என் பையில் எப்போதும் கல்லுப்பு இருக்கும். நான்கு பிடி உப்பை வாளித் தண்ணீரில் கரைத்து, மெதுவாக ஊற்றினேன். ஹீட்டரைக் கொஞ்சம் திருகினேன். சூட்டை ஒரே நாளில் ஏற்றக் கூடாது, நாளுக்குக் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். உப்பும் அப்படித்தான். நான் கிழமைக்கு ஒரு தடவைதான் வர முடியும். அதனால் உடைக்காத ஒரு கிலோ உப்புப் பக்கெட் ஒன்றைத் தொட்டிக்குக் கீழே இருந்த தட்டில், பழைய மோட்டர் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு பிடி, கோப்பையில் தொட்டித் தண்ணீரை எடுத்துக் கரைத்து, பில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்ற வேண்டும் என்று அண்ணனுக்குச் சொன்னேன். கதிரையிலிருந்து கை எட்டும் தூரம்தான்.

எப்படி என்று காட்ட, பக்கெட்டின் மூலையைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் ஒரே ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து, தொட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்குல்ல" என்றார். நான் தொட்டி மூடியைச் சரியாக வைக்கத் திரும்பினேன். அவர் அந்தக் கல்லை என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை போனபோது புள்ளிகள் பாதியாகக் குறைந்திருந்தன. கால்வாசித் தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, புதுத் தண்ணீருக்கு வேண்டிய உப்பை என் பையிலிருந்தே போட்டேன். அதற்கடுத்த கிழமை ஒரு புள்ளியும் இல்லை. மீன் கண்ணாடியில் மோதிச் சாப்பாடு கேட்டது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது போட்டேனா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் முகம் பழையபடி ஆகிவிட்டது. அண்ணன் மட்டும் தன் பிள்ளை பரீட்சையில் பாசானது போல மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நான் பார்த்த இன்னும் இரண்டு விஷயங்களை எழுத வேண்டும். அண்ணனின் பாதம் செருப்புக்கு மேல் ஊதி, தோல் பளபளத்தது. அக்கா அந்தப் பக்கம் போனதும் அண்ணன், என் பையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதா, ஒரு வாய் கிடைக்குமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தார். போத்தல் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு மீனின் செதில் எழும்பினால் மேலே இருந்து பார்த்த உடனே சொல்லிவிடுகிறவன் நான். ஒரு மனிதனுக்கு ஏன் அவ்வளவு தாகம் என்று அன்று நினைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஆறே நாளில் அண்ணன் இறந்துவிட்டார். விடியற்காலையில் நெஞ்சில் தண்ணீர் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். நான் சாவு வீட்டுக்குப் போனேன். ரோட்டோரம் வெள்ளைக் கொடிக்குக் கீழே நின்றுவிட்டுத் திரும்பினேன். உள்ளே போகவில்லை. ஜன்னல் வழியாகத் தொட்டியின் விளக்கு அணைந்திருப்பது தெரிந்தது.

கருமாதி முடிந்து சில நாட்களில் அக்கா என்னை வரச் சொல்லிப் போன் பண்ணினார். முதலாளி வழக்கமான கேலி எதுவும் பேசாமல், "போய்ட்டு வா, இன்டைக்கு வேற வேல பாக்க வேணாம்" என்றார்.

தொட்டிக் கண்ணாடியில் பாசி பிடித்திருந்தது. தண்ணீர் நான்கு விரல் அளவு இறங்கியிருந்தது. மீன் நன்றாக இருந்தது. எந்தத் தொட்டிக்குப் போனாலும் முதலில் கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பதும், உப்புப் போட்ட தொட்டி என்றால் விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் என் பழக்கம். அன்றும் யோசிக்காமல் அதைச் செய்தேன். இருக்க வேண்டிய அளவில் இருந்தது. லேசான கரிப்பு, அவ்வளவுதான்.

திரும்பியபோது அக்கா அந்த உப்புப் பக்கெட்டை மேசையில் வைத்திருந்தார். ஒரு ரப்பர் வளையம் போட்டு வாயைக் கட்டியிருந்தது. அடியில் ஒரு பிடி அளவுக்குத்தான் மிச்சம்.

"இது தொட்டிக்குக் கீழ இருந்திச்சு" என்றார். "ஆஸ்பத்திரியில ஒவ்வொரு தடவையும் கேட்டாங்க. இவருக்கு ஏன் தண்ணி ஏறிக்கிட்டே போகுது, உப்பு சேக்குறாரான்னு. எங்க வீட்டுல உப்பே கெடையாதுன்னு அடிச்சு சொன்னேன். ஒரு வருஷமா அவருகூட சேந்து நானும் சப்புனு தின்னுக்கிட்டு இருந்தேன். அவரு என்னைய ஒக்கார வச்சு..."

அவர் அழவில்லை. செத்தவர் மேல் வரும் கோபத்தை நான் அதற்கு முன் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கருமாதிச் சமையலுக்கு வந்தவர்கள் உப்புக் கொண்டு வந்ததாகவும், தன் சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டு அவர்கள் உப்புப் போட்டுக்கொண்டதாகவும் சொன்னார். அடுத்த வீட்டிலிருந்து தன் போத்தலை இன்னும் வாங்கவில்லை என்றார். தனக்கு மட்டும் எதற்கு இந்தப் பைத்தியம் என்று இந்தப் பக்கெட்டைக் கண்டதிலிருந்து யோசிப்பதாகச் சொன்னார்.

நான் பேசினேன். என் வாழ்க்கையில் ஒரு ஆளிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான். உப்பு மீனுக்கு என்றேன். வைத்தது நான் என்றேன். அண்ணன் கேட்டுக்கொண்டார், அது சாக வேண்டாம் என்றார் என்று சொன்னேன். நனைந்த வலையைச் சொன்னேன். மழை, பஸ், வாளி எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு மீனுக்கு இம்புட்டு உப்பா?"

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு பிடி. இரண்டு கிழமையும் சில நாட்களும். எப்படிக் கூட்டினாலும் பத்துப் பன்னிரண்டு பிடிக்கு மேல் வராது. அந்தப் பக்கெட்டில் என் கைக்கு இருபது பிடி இருக்கும். அண்ணனின் கை என் கையைவிடச் சிறியது, கடைசியில் இன்னும் மெலிந்துபோயிருந்தது. பாதிப் பக்கெட்டுக்குக் கணக்கு இல்லை. பார்த்த உடனேயே எனக்கு அது தெரிந்துவிட்டது.

"முழுசும் வேணும்கா" என்றேன். "பெரிய தொட்டி. முழுசும் தண்ணியிலதான் இருக்கு."

அவர் எழுந்து தொட்டிக்குப் போனார். மூடியைத் தூக்கினார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்கியபோது என் முகம் சூடாகிவிட்டது. சற்று முன்புதான் நான் நாக்கில் வைத்துப் பார்த்த தண்ணீர். அதில் அவ்வளவு உப்பு இல்லை. அவர் விரலை நனைத்து வாயில் வைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டார்.

"கரிக்குது" என்றார். மறுபடியும் விரலை நனைத்தார். "ஐயோ, கடுமையா கரிக்குது தம்பி."

ஒரு வருடத்துக்கு மேலாக உப்பே படாத நாக்கு. அந்த லேசான கரிப்பு அவருக்குக் கடல் தண்ணீர் போல இருந்திருக்க வேண்டும். அப்படியே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அண்ணனின் கதிரையில் உட்கார்ந்து அழுதார். அவர் ஏமாற்றவில்லை, அவர் ஏமாற்றவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நான் மூடியை மெதுவாக எடுத்துத் தொட்டியின் மேல் வைத்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

வெகு நேரத்துக்குப் பிறகு அழுகை அடங்கியது. அவர் மீனைப் பார்த்தார். மீன் அவருக்கு அருகில் கண்ணாடியோரம் வந்து நின்றது. அவர் மனதில் ஏதோ ஒன்றோடு ஒன்று சேர்வதை என்னால் பார்க்க முடிந்தது.

"அப்ப அது தானா பொழைக்கல" என்றார்.

"இல்லக்கா."

வலையைப் பற்றி நான் சொன்னதை அவர் நம்பினாரா, அண்ணனுக்கு வந்ததை மீன் வாங்கிக்கொண்டது என்ற கணக்கு அவருக்குள் அப்படியே இருந்ததா, தெரியாது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இத கொண்டு போயிருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். "எனக்குப் பாக்க முடியாது."

மீனை அதன் தண்ணீரோடு வாளியில் எடுத்து, த்ரீவீலில் கண்டிக்குக் கொண்டு வந்தேன். கடையில் வைக்க மனம் வரவில்லை. கடையில் வைத்தால் யாராவது வாங்கி, வீட்டுக்கு நல்லது என்று வைத்துக்கொள்வார்கள். என் வீட்டில் மூன்றடித் தொட்டி ஒன்றில் விட்டேன். முதலாளி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "ஒன்ட வீட்டுலயே ஆக நல்லா தின்றது இது தான் போல" என்றார். வலை விஷயத்தை மட்டும் அவரிடம் சொன்னேன். அடுத்த நாள் ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை வாங்கிக் கொடுத்தார்.

அக்கா அந்த வீட்டை விட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பிலிமத்தலாவையில் அந்த நிறுத்தத்தைத் தாண்டும்போது நான் பஸ்ஸின் மறுபக்கம் பார்ப்பேன்.

அண்ணன் என் அளவைக் கேட்காமல் தொட்டியில் அள்ளி அள்ளிப் போட்டிருக்கலாம். மீன் சீக்கிரம் சுகமாக வேண்டும் என்ற ஆசையில் மனிதர்கள் அப்படிச் செய்வார்கள், எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். நான் மாற்றிய தண்ணீரோடு அந்த உப்பு வெளியே போயிருக்கலாம். பல நாள் இப்படி நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் மாற்றுவதற்கு முன் நான் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது ஒரு நாளும் கூடியிருக்கவில்லை.

அந்த ஒரு கல்லை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது ஞாபகத்துக்கு வருகிறது. நான் மூடியைச் சரிசெய்யத் திரும்புகிறேன். அதற்கு மேல் அந்த ஞாபகம் போவதில்லை.

என் மனைவி சமையலில் உப்பு எடுக்கும்போது போத்தல் மூடி தட்டில் படும் சத்தம் கேட்கும். மீனுக்கு அந்தச் சத்தம் தெரியும். சாப்பாட்டு நேரம் என்று நினைத்துக்கொள்கிறதோ என்னவோ, மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.